லாரியில் தூங்கியவர் படமும் வேலையை விடும் யோசனையும்

ஆலோசனை கேட்டு வாசகி ஒருவர் எழுதிய கடிதம் நான்கு பக்கம், அதனால் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எழுதியவருக்கு வயது 26, பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் அலுவலக வேலை. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூரின் தேக்கா, ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் போய் வெளிநாட்டு ஊழியர்களைப் படம் எடுக்கிறார். புகைமூட்டம், வெட்டப்படும் காடு, கடற்கரைக் குப்பை என்று சுற்றுச்சூழல் பக்கமும் ஆசை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னால், வேலை முடிந்து லாரியின் பின்னால் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்த ஊழியர்களை எடுத்து இன்ஸ்டகிராமில் போட, படம் நன்றாக ஓடியிருக்கிறது. லாரியில் கம்பெனிப் பெயரும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நான்காம் நாள், அதில் இருந்தவர்களில் ஏற்கெனவே பழக்கமான ஒருவர், "அக்கா, படத்தை எடுத்துடுங்க, சூப்பர்வைசர் கூப்பிட்டு விசாரிக்கிறாரு" என்று செய்தி அனுப்ப, இவர் உடனே நீக்கிவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஆள் போனை எடுப்பதில்லை. கேள்விகள் மூன்று: இப்படிப் படம் எடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? இதில் சோறு கிடைக்குமா? கடைசிக் கேள்வி அப்பாவுடையதாம். செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

அண்ணா என்று ஆரம்பித்திருக்கிறீர்கள், அதனால் நானும் தங்கச்சி என்றே வைத்துக்கொள்கிறேன். சோற்றுக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் லாரி.

படத்தை உடனே நீக்கியது சரிதான். ஆனால் "நீக்கிவிட்டேன், அதோடு முடிந்தது என்று நினைத்தேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கு முடிந்தது. அவருக்கு முடிந்ததா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறவரின் கணக்கே வேறு. அந்தச் சீட்டு முதலாளியோடு கட்டப்பட்டது, முதலாளி நினைத்தால் ரத்து செய்யலாம், ரத்தானால் ஊருக்கு டிக்கெட். ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக வாங்கிய கடன் மட்டும் ஊரில் அப்படியே வட்டியோடு உட்கார்ந்திருக்கும். அவர் தூங்கும்போது வாயைத் திறந்திருந்தாரா, வெளிச்சம் எப்படி விழுந்தது என்பதெல்லாம் நமக்குப் படம். அவருக்கு அது சூப்பர்வைசர் கையில் இருக்கும் போனில் தெரிகிற ஒரு சாட்சி.

உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நான் செய்தது இதைவிட மோசம், அதைச் சொல்லிவிட்டால் மீதியைப் பேச எனக்கும் சுலபம்.

பதினைந்து வருடத்துக்கும் மேலாகிறது. வெளிநாட்டு ஊழியர்களுக்கான தொண்டு அமைப்பான டி.டபிள்யூ.சி.2, கஃப் ரோடு திட்டம் என்ற பெயரில் 2008-லிருந்து ஊழியர்களுக்கு இலவசச் சாப்பாடு கொடுத்து வருகிறது, தெரிந்திருக்கும். அங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் வேலையிடத்தில் அடிபட்டு, இழப்பீட்டு வழக்கு முடியும்வரை ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிகத் தங்கும் அனுமதியில் காத்திருப்பவர்கள். வேலை பார்க்க அனுமதி கிடையாது, அதனால் கையில் காசும் கிடையாது. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். இயந்திரத்தில் கை மாட்டி வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மூன்று வாரம் அவரோடு சுற்றினேன். ஒரு நாள் சாயங்காலம் பாக்கெட்டில் தே, அதாவது தேநீர், வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பிளாஸ்டிக் பையின் சிவப்புக் கயிற்றை நாம் எந்த விரலில் மாட்டுவோமோ அந்த விரல் அவருக்கு இல்லை. கயிறு சுண்டு விரலில் தொங்குகிறது, தே இன்னும் சூடு, பைக்குள் ஆவி படிந்திருக்கிறது. எடுத்தேன். என் வாழ்க்கையில் எடுத்த நல்ல படங்களில் ஒன்று, அதை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அவரிடம் கேட்டேன், "போட்டுக்கலாமா?" "போடுங்கண்ணே, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். சென்னைப் பத்திரிகை ஒன்றில் வந்தது.

அவர் வீட்டில் விரல் போன விஷயத்தைச் சொல்லவே இல்லை. ஓவர்டைம் அதிகம், அதனால்தான் பணம் தாமதம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்திருக்கிறார். பத்திரிகை ஊர் சலூனுக்குப் போயிருக்கிறது, முடிவெட்டப் போன யாரோ பார்த்து வீட்டில் கொண்டுபோய்க் காட்டிவிட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டபோது கோபமாகவெல்லாம் பேசவில்லை. "சம்மதம் நான்தாண்ணே கொடுத்தேன். அம்மா பாக்கும்னு எனக்குத் தோணல. உங்களுக்கும் தோணலையா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஆனால் அன்றிலிருந்து "எடுக்கலாமா?" என்று கேட்பதோடு நான் நிறுத்துவதில்லை. அந்தக் கேள்விக்கு நம் ஆட்கள் மரியாதைக்காகவே சரி என்று சொல்லிவிடுவார்கள், அதிலும் கேட்பது கேமரா வைத்திருக்கும் உள்ளூர்ப் பிள்ளை என்றால். "இந்தப் படத்தை யார் பார்த்தா உங்களுக்குச் சிக்கல்?" என்று கேட்கிறேன். கேட்டதும் கொஞ்சம் யோசிக்கிறார்கள், பாருங்கள், அந்த யோசனைதான் நமக்கு வேண்டியது. சூப்பர்வைசர் என்பார் ஒருவர். ஏஜெண்ட் என்பார். மச்சான் என்பார், கடன் கொடுத்தவர் என்பார். ஒருவர், தனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண் வீட்டார் என்றார், அவர்களிடம் ஏசி ஆபீஸில் வேலை என்று சொல்லியிருந்தாராம். எடுக்கும்போது ஒரு தடவை கேளுங்கள், வெளியிடும் முன்னால் படத்தைக் காட்டி இன்னொரு தடவை கேளுங்கள். இடைப்பட்ட நாளில் அவர் நிலைமை மாறியிருக்கலாம். வங்காளம் பேசுகிறவர் என்றால் கூட ஒருவரை வைத்துக்கொண்டு அவர் மொழியிலேயே கேட்க வேண்டும், தலையாட்டலை சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். லாரிக் கதவில் பெயர், சட்டையின் முதுகில் பெயர், ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், விடுதியின் புளோக் எண், கழுத்தில் தொங்கும் அட்டை, இவ்வளவும் ஆளைக் காட்டிக் கொடுக்கும். போனில் எடுத்த படமென்றால் அதற்குள் இடமும் நேரமும் வேறு பதிந்திருக்கும், யாருக்காவது கோப்பாக அனுப்பும்போது அதை அழித்துவிட்டு அனுப்புங்கள்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததில்லை. ஜப்பானில் மினமாட்டா ஊரில் தொழிற்சாலை கடலில் கலந்த பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்குப் போய் அவர்களை முடக்கிப் போட்டதே, அதை அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் 1971-லிருந்து மூன்று வருடம் அங்கேயே வீடு எடுத்துத் தங்கிப் படமாக்கினார்கள். நடுவில் கம்பெனி ஆட்கள் கையால் ஸ்மித் அடி வாங்கி, பார்வையே பாதிக்கப்பட்டது. அந்தத் தொகுப்பில் ஒரு தாய், பிறவியிலேயே பாதிக்கப்பட்ட தன் மகளைக் குளியல் தொட்டியில் ஏந்தியபடி இருக்கும் படம் உலகம் முழுக்கப் போனது. மினமாட்டா என்றாலே அந்தப் படம்தான். மகள் இறந்து பல வருடம் கழித்து, அவளை இனி ஓய்வெடுக்க விடலாம் என்று பெற்றோருக்குத் தோன்ற, 1990களின் கடைசியில் ஐலீன் அந்தப் படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை அவர்களிடமே விட்டுக்கொடுத்தார். வெளியிடுவது நின்றது. பின்னால் அதைச் சுற்றிச் சர்ச்சைகளும் வந்தன, அது தனிக் கதை. எனக்கு அதில் மனதில் நிற்பது ஒன்றுதான்: எடுத்து இருபத்தைந்து வருடம் ஆன பிறகும், குடும்பத்தார் வந்து கேட்கக்கூடிய தூரத்தில் ஐலீன் இருந்திருக்கிறார்.

சரி, உரிமை. சட்டப்படி கேட்கிறீர்கள் என்றால் பொது இடத்தில் படம் எடுக்கப் பொதுவாகத் தடையில்லை. பாதுகாக்கப்பட்ட பகுதி என்று பலகை மாட்டியிருக்கும் இடங்களில் எடுக்கக் கூடாது, விடுதிக்குள்ளும் கட்டுமானத் தளத்துக்குள்ளும் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது, 250 கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோன் என்றால் பதிவு செய்திருக்க வேண்டும். அவ்வளவுதான், இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை. நீங்கள் கேட்பது அதுவல்ல என்று தெரியும். ஏசி அறையில் உட்காருகிற நான் வெயிலில் நிற்கிறவரை எடுக்கலாமா என்பதுதான் கேள்வி. எடுக்கலாம். ஆனால் அவர்களுக்குக் குரல் கொடுக்கிறேன் என்ற பேச்சு மட்டும் வேண்டாம். 2020-இல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாம் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, விடுதிகளில் என்ன நடந்தது என்பதை நமக்குக் காட்டியது ஊழியர்களின் சொந்தப் போன்கள்தான். பன்னிரண்டு பேர் ஓர் அறையில், மூடி திறந்த சாப்பாட்டுப் பொட்டலம், கழிவறை வாசலில் வரிசை, எல்லாம் அவர்களே எடுத்தது. நாங்கள் தொழில்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று, ஜன்னலில் காயும் துணியையும் அதற்குப் பின்னால் தெரியும் தலைகளையும் நீள லென்ஸில் எடுத்தோம். அவர்களுக்கு ஏற்கெனவே குரலும் இருக்கிறது, கேமராவும் இருக்கிறது. நம்மிடம் இருப்பது நேரம். இங்கேயே பிறந்தவர் நீங்கள், உங்களை யாரும் ஊருக்கு அனுப்ப முடியாது, ஐந்து வருடம் கழித்தும் அதே ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நிற்பீர்கள். அதைப் பயன்படுத்துங்கள்.

உங்கள் இன்ஸ்டகிராமைப் பார்த்தேன். 340 படம் இருக்கிறது, ஆள் ஒவ்வொருவரும் ஒரு தடவைதான் வருகிறார். படங்கள் நன்றாகவே இருக்கின்றன, கைக்கு வேலை தெரிந்துவிட்டது. (எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்குவதை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அந்த ஆரஞ்சு மேலாடையும் நீல டிரம்மும் வண்ணத்தில்தான் அழுத்தமாக இருக்கும்.) குறை என்னவென்றால் நீங்கள் எங்கேயும் திரும்பிப் போகவில்லை. நம்மூர் சிம் சீ யின்னை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையாளராக இருந்து பிறகு புகைப்படத்துக்கு வந்தவர், தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரலில் தூசி படிந்துபோன ஒரு சீனத் தொழிலாளியின் வீட்டுக்கு நான்கு வருடம் போய்வந்தார். பிறகு மணலை எடுத்துக்கொண்டார், கடலைத் தூர்க்க நாடு நாடாக வாங்கிய மணல். இந்தத் தீவு 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டர், இப்போது 730க்கும் மேல். கூடின நிலத்துக்கெல்லாம் மண் எங்கிருந்தோ வந்துதானே ஆகவேண்டும்? 1997-இல் மலேசியாவும் 2007-இல் இந்தோனேசியாவும் மணல் ஏற்றுமதிக்குத் தடை போட்டன என்பதைச் செய்தியாக எல்லோரும் படித்தோம், அதை ஒரு வேலையாக எடுத்துச் செய்தது அவர். தமிழ்நாட்டுப் பக்கம் பழனிக்குமார் இருக்கிறார். மதுரைக்காரர், அம்மா மீன் விற்று வளர்த்த பிள்ளை. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி இறந்துபோனவர்களின் குடும்பங்களை வருடக்கணக்கில், கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்யும் பாரி இணையதளத்துக்காகவும் அதற்கு முன்பும் படமெடுத்தவர், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கையில் கொடுத்துக் கற்றும் கொடுக்கிறார். இவர்கள் யாரும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போனவர்கள் இல்லை.

சுற்றுச்சூழலுக்கும் இதேதான், மரமும் மண்ணும் சூப்பர்வைசரிடம் மாட்டாது என்பது மட்டும்தான் வித்தியாசம். 2013 ஜூன் 21, நண்பகலில் காற்று மாசைக் காட்டும் பிஎஸ்ஐ அளவு 401. இந்த நாட்டில் அதுவரை கண்டிராத எண். நான் என்ன செய்தேன்? ஊரில் கேமரா வைத்திருந்த எல்லோரையும் போல மரினா பேக்கு ஓடினேன். மரினா பே சாண்ட்ஸின் மூன்று கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம். அந்தப் படம் அன்று ஆயிரம் பேரிடம் இருந்தது, ஒரே இடம், ஒரே உயரம். இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. திரும்பி வரும் வழியில் தேக்கா சந்தையில், ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கீரைக் கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவை ஒரே ஒரு தடவை எடுத்தேன். முகமூடிக் கடையில் வரிசை நீளம், போனால் வியாபாரம் போய்விடும் என்றார். அதுதான் தங்கியது. அதுவும் பாதிக் கதைதான், ஏனென்றால் எரிந்தது இந்தோனேசியாவில் ரியாவ் பக்கத்துக் கரிமண் நிலம், செம்பனைத் தோட்டத்துக்காக வடிகால் வெட்டி ஈரத்தை வற்றவிட்ட பிறகு பிடிக்கும் தீ மேலே அணைந்தாலும் அடியில் புகைந்துகொண்டே இருக்கும். அங்கே மூச்சுவிட்ட பிள்ளைகளுக்கு 401 எல்லாம் சாதாரணம். நம் ஜன்னலிலிருந்து எடுத்தால் நாம் பாவப்பட்டவர்கள் என்ற கதை மட்டும்தான் கிடைக்கும். அந்தச் செம்பனை எண்ணெய் நம் சமையலறையிலும் இருக்கிறது, அதை வைத்துத் தொழில் நடத்துகிறவர்களின் அலுவலகம் நம் ஊரிலும் இருக்கிறது. அதனால்தானே 2014-இல் எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்கென்றே இங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்.

படத்தால் ஏதாவது நடக்குமா என்றும் ஓர் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். எப்போதாவது நடக்கும். உபின் தீவின் செக் ஜாவா கரையைத் தூர்த்து நிலமாக்க எல்லாம் தயாராக இருந்தது. 2001-இல் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துத் தன்னார்வலர்கள் இறங்கி, நட்சத்திர மீன், கடல் வெள்ளரி, கடற்பஞ்சு என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்து, படமெடுத்து, சுற்றிக் காட்டி, கருத்து எழுதிக் கொடுத்தார்கள். அந்த வருடக் கடைசியில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ரத்து இல்லை, ஒத்திவைப்பு. படம் தனியாக அதைச் செய்யவில்லை என்பதையும் பாருங்கள். இந்தப் படத்தில் இருப்பது இந்த இனம், இந்த இடம், இந்தத் தேதி என்று எழுதி வைத்தவர்கள் சேர்ந்ததால்தான் அது எடுபட்டது.

உங்களுக்கு ஒரு வேலை சொல்லட்டுமா? ஊழியர், சுற்றுச்சூழல் என்று இரண்டு பெட்டியாக வைத்திருக்கிறீர்கள். இரண்டும் உங்கள் புளோக்குக்குக் கீழேயே ஒன்றாக இருக்கிறது. நீங்கள் ராத்திரி குப்பைப் பையைக் கட்டிப் போடுகிறீர்கள், அது குழாய் வழியாகக் கீழே விழுகிற சத்தம் கேட்கிறது, அதோடு மறந்துவிடுகிறீர்கள். விடியற்காலை அந்தச் சின்னக் கதவைத் திறந்து தொட்டியை இழுத்து வெளியே வைப்பவர் யார்? எத்தனை புளோக் அவருக்கு? முதுகுவலிக்கு என்ன தடவுகிறார்? லாரி எத்தனை மணிக்கு வருகிறது? அது எரிக்கும் ஆலைக்குப் போகிறது, எரித்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்தச் சாம்பல் துவாஸில் மூடிய தோணியில் ஏறி செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999-இல் திறந்த குப்பைத் தீவு, இந்த நாட்டுக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான், 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். அணை கட்டி அதோடு சேர்த்த சக்கேங் தீவில் முன்பு ஒரு கம்பமே, அதாவது ஒரு கிராமமே இருந்தது, அங்கிருந்தவர்களை 1990களில் இந்தப் பக்கம் குடிமாற்றினார்கள். அவர்களில் யாராவது இப்போது ஏதோவொரு வீவக அடுக்குமாடி வீட்டில் அதே மாதிரிக் குழாயில் குப்பை போட்டுக்கொண்டிருப்பார்கள் இல்லையா? தேடிப் பாருங்கள். ஆலைக்குள்ளேயும் தீவுக்கும் போக எழுதிக் கேட்க வேண்டியிருக்கும், முதல் தடவை பதில் வராது, பரவாயில்லை. துப்புரவாளரை எடுக்க யாரிடமும் எழுத வேண்டாம், காலை ஆறு மணிக்கு எழுந்தால் போதும். முதல் ஒரு மாதம் கேமரா இல்லாமல் எழுந்திருங்கள்.

படக்குறிப்பை உடனுக்குடன் எழுதுங்கள். இதில் நான் ரொம்பக் கண்டிப்பு, என்னிடம் பழகின பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். லூயிஸ் ஹைன் என்று ஓர் அமெரிக்கர், பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1908-லிருந்து ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை பார்த்த குழந்தைகளைப் படமெடுத்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பைபிள் விற்பவர் என்றும் இயந்திரத்தைப் படமெடுக்க வந்தவர் என்றும் சொல்லிக்கொண்டு நுழைவார். பிள்ளையின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தான் எந்த வரிசைக்கு வருகிறது என்று பார்த்து அளந்துகொள்வார், சட்டைப்பைக்குள் கையை விட்டபடியே வயதையும் வேலை நேரத்தையும் கிறுக்கிக்கொள்வார். முதலாளிகள் அதெல்லாம் பொய் என்றபோது அந்தக் குறிப்புகள்தான் நின்றன. உங்கள் லாரிப் படத்தின் கீழே என்ன எழுதியிருந்தீர்கள்? "பதினாறு மணி நேர உழைப்புக்குப் பின்." பதினாறு என்று யார் சொன்னது? அவரிடம் கேட்டீர்களா? தெரியாத எண்ணைப் போட்டால் அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு படம் முழுவதையும் தள்ளிவிடுவார்கள். இந்த ஊரில் பொய்ச் செய்திக்குச் சட்டம் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். மாட்டிக்கொள்வோம் என்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவர் பதினொரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால், அந்தப் பதினொன்றே போதுமான செய்தி.

இனி அப்பாவின் கேள்வி. இதில் மட்டும் போய்ச் சோறு கிடைக்காது. அந்த ஹைன் கடைசியில் வீடு கடனில் போய், ஏழையாக 1940-இல் இறந்தார். பிரேசில் புகைப்படக்காரர் செபாஸ்தியோ சல்காடோ 1973-இல் காப்பி அமைப்பொன்றில் பொருளாதார நிபுணர் வேலையை விட்டுவிட்டு வந்தவர் என்று எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள், பக்கத்தில் லெலியா என்ற மனைவி இருந்து தொகுத்து, பதிப்பித்து, கண்காட்சி வைத்து எல்லாவற்றையும் நடத்தினார் என்பதை விட்டுவிடுவார்கள். என் கணக்கையே சொல்கிறேன். நல்ல வருடத்தில் என் வருமானத்தில் முக்கால் பங்கு கல்யாணம், காதுகுத்து, கம்பெனி டி அண்ட் டி விருந்து, பள்ளிக்கூட வருடாந்தரப் படம். மீதியில் பாதி வகுப்பெடுப்பது. இருபத்தைந்து வருடத்தில் ஆவணப் படத்துக்கென்று வந்த காசில் நான் வாங்கியது ஒரு லென்ஸும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும். கல்யாண வேலையைக் கேவலமாக நினைக்காதீர்கள், தாலி கட்டுகிற அந்த மூன்று விநாடியைத் தவறவிடாதவனுக்குத்தான் தெருவிலும் கை பதறாது.

ஆகவே வேலையை விடாதீர்கள், இப்போதைக்கு. மாதச் சம்பளம் இருக்கிறவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு, யாருடைய அவசரத்துக்கும் படம் எடுக்க வேண்டாம். தொண்டு அமைப்பு ஆண்டறிக்கைக்குப் படம் கேட்கும், கண்ணீரோடு வேண்டும் என்பார்கள், வாடகை கட்ட வேண்டியிருந்தால் எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள். நான் கொடுத்திருக்கிறேன். குப்பை வேலையை இரண்டு வருடம் வார இறுதியில் செய்யுங்கள். இருபது படம் தேறினால் மிடில் ரோட்டில் ஆப்ஜெக்டிஃப்ஸ் என்ற புகைப்பட மையம் இருக்கிறது, ஆவணப் புகைப்படத்துக்கென்றே விருதும் வழிகாட்டலும் தருகிறார்கள். தேசியக் கலைகள் மன்றத்தில் மானியத்துக்கு எழுதலாம், ஒரு வரவுசெலவுக் கணக்கை ஒழுங்காக எழுதத் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி, காப்புறுதிக்காரருக்கு அது கஷ்டமே இல்லை. சியாம் ரியப்பில் நடக்கும் அங்கோர் புகைப்படப் பயிற்சிக்கு ஆசிய இளைஞர்கள் விண்ணப்பிக்கலாம், பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது, டிக்கெட்டும் தங்கலும் நம் செலவு. பிறகு ஒரு நாள் விடத்தான் போகிறேன் என்றால், ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு விடுங்கள். தனியாளாகத் தொழில் செய்து வருட நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் கட்ட வேண்டும், அதை மறந்துவிட்டு வருடக் கடைசியில் முழிக்காதீர்கள். புதுக் கேமரா வேண்டாம். இருக்கிற ஃபூஜியே போதும்.

அப்பா விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். முப்பது வருடம் கப்பல் பட்டறையில் இருந்தவர் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே, அவர் எதில் ஏறி வேலைக்குப் போனார்? எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறாரா? காது எப்படி இருக்கிறது? அந்த மாதிரிப் பட்டறையில் இருந்த என் சித்தப்பாவுக்கு இடது காது கேட்காது, வீட்டில் டிவி சத்தம் தெருமுனை வரை வரும். உங்கள் 340 படத்தில் அப்பா ஒன்றில்கூட இல்லை. அவரிடம் கேட்டுப் பாருங்கள், "யார் பார்த்தா உங்களுக்குச் சிக்கல்?" என்ற அந்தக் கேள்வியையும் சேர்த்து. சோறு கிடைக்குமா என்று கேட்கிற மனிதர், மகள் எதைத்தான் இவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்று தன் கையை வைத்தே தெரிந்துகொண்டால் கொஞ்சம் இறங்கி வரலாம். வராமலும் போகலாம்.

இந்த ஞாயிறு என்ன செய்யலாம் என்று கேட்டால், கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சாயங்காலம் ஐந்துக்கு மேல், லாரிப் படத்தை எடுக்கச் சொன்ன அந்த ஊழியர் வழக்கமாக நண்பர்களோடு உட்காருகிற இடம் உங்களுக்குத் தெரியும். அவருக்கு நேரே போய் நிற்க வேண்டாம், முதலில் அவர் நண்பர் யாரிடமாவது, வந்திருக்கிறேன், பேச விருப்பமா என்று கேட்டு அனுப்புங்கள். வந்தால், சூப்பர்வைசர் என்ன சொன்னார், சம்பளத்தில் ஏதாவது பிடித்தார்களா என்று கேளுங்கள். பிடித்திருந்தால் மனிதவள அமைச்சுக்கோ டி.டபிள்யூ.சி.2-க்கோ கூடவே போகத் தயார் என்று சொல்லுங்கள், போவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. முன்பு ஏதோ ஒரு நாள் நண்பர்களோடு சிரித்துக்கொண்டிருந்தபோது எடுத்த படம் இருக்கும் இல்லையா, அதை 4ஆர் அளவில் ஐந்தாறு பிரதி போட்டுக் கவரில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு அனுப்பிக்கொள்வார். வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினால், கவரை நண்பரிடம் கொடுத்துவிட்டு ஒரு தே குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள், அடுத்த ஞாயிறு பார்க்கலாம்.